தண்டர்பேர்ட்ஸ் தொடரும் அதன் புறப்பாட்டுக் காட்சிகளும்: என் அனுபவம்

1991ஆம் ஆண்டில் பிபிசி 2 அலைவரிசை வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொடரை மறுஒளிபரப்பத் தொடங்கியபோதுதான், கிழக்கு லண்டனில் குடியிருந்த எனக்கும் அப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த என் மகனுக்கும் அது அறிமுகமாயிற்று. ஜெரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் ஸ்லவ் நகரத் தொழிற்பேட்டையில் இருந்த தங்கள் படப்பிடிப்புக் கூடத்தில் உருவாக்கி, 1965 செப்டம்பர் 30 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான நூற்பாவைத் தொடர் அது. ட்ரேசி தீவிலிருந்து விதவிதமான கலங்களில் கிளம்பி, ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கும் ட்ரேசி குடும்பத்தின் கதை. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அந்த நூற்பாவைகள் ஒரு சிறுவனை இருக்கையை விட்டு அசையவிடாமல் வைத்திருந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

அவனை அப்படிக் கட்டிப்போட்டவை புறப்பாட்டுக் காட்சிகள். ‘தண்டர்பேர்ட் 2’ என்ற மீட்பு விமானத்தை ஓட்டும் வெர்ஜில், சுவரில் மாட்டியிருக்கும் ராக்கெட் படத்தில் முதுகைச் சாய்த்து நிற்பார். படம் அப்படியே பின்னால் கவிழ, அவர் தலைகீழாகச் சறுக்கி, வழியில் ஒரு சுழல்மேடையில் திருப்பப்பட்டு, கால் முன்னே வர விமானியின் இருக்கையில் போய் இறங்குவார். கீழே மீட்புக் கருவிகள் அடங்கிய பெட்டகங்கள் வரிசையாக நகரும்; அன்றைய ஆபத்துக்கு ஏற்ற பெட்டகம் வந்து நின்றதும் பச்சை நிறப் பெருங்கலம் அதன்மேல் தாழ்ந்து பொருந்தும்; பாறைக் கதவு முன்பக்கம் சாய்ந்து விழ, ஓடுபாதையின் இருபுறத்துத் தென்னைகளும் கலத்தின் இறக்கைகளுக்கு வழிவிட்டு வெளிப்பக்கம் மடங்கும். “இன்னுமா இவர்கள் கிளம்பவில்லை?” என்று என் மனைவி கேட்பதுண்டு. மகன் எங்களைப் பேசவே விடமாட்டான்.

அந்தக் காட்சிகளுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் என்பது, தொடர் பிறந்த கதையைப் படித்தபோது எனக்கு விளங்கியது. 1963 அக்டோபர் 24 அன்று மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே என்ற ஊரில் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்குள் தேக்கக் குளத்து நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. உள்ளே இருந்த 129 பேரில் 29 பேர் மாண்டனர். கடைசிப் பதினொருவர் இரண்டு வாரங்கள் கழித்து, நவம்பர் 7 அன்று, துளையிட்ட குழி வழியாக உயிருடன் மேலே கொண்டுவரப்பட்டனர். துளையிடும் கனரக இயந்திரம் தொலைவிலிருந்து வந்துசேர வேண்டியிருந்த செய்தியைக் கேட்டபோதே, இத்தகைய கருவிகளை ஆயத்தமாக வைத்துக்கொண்டு உலகின் எந்த மூலைக்கும் விரையும் ஒரு மீட்புப் படையைப் பற்றிய எண்ணம் தமக்குத் தோன்றியதாக ஜெரி ஆண்டர்சன் கூறியிருக்கிறார். இதை அறிந்த பிறகு, பெட்டகம் தேர்ந்தெடுக்கப்படும் அந்தச் சில நொடிகள்தான் தொடரின் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன். சரியான கருவி உரிய நேரத்தில் கிளம்புவதைக் கண்முன் காட்டுவதற்காகவே மற்றதெல்லாம் கட்டப்பட்டிருக்கிறது.

இதில் தயாரிப்புக்குப் பணம் கொடுத்த லூ கிரேடுக்கும் பங்குண்டு. 25 நிமிட அளவில் எடுக்கப்பட்டிருந்த முதல் கதையைப் பார்த்ததும், இது ஒரு மணி நேர நிகழ்ச்சியாக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் ஏற்கெனவே எடுத்து முடித்த கதைகளையும் நீட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கூடுதல் நேரம், சிக்கிக்கொண்டவர்களின் தவிப்பையும் மீட்பவர்களின் நிதானத்தையும் காட்ட இடம் கொடுத்தது என்பேன்.

புறப்பாட்டுக் காட்சிகள் அப்படி அமைந்ததற்கு, பாவைகளால் நன்றாக நடக்க முடியாது என்பதும் ஒரு காரணம். ஆகவேதான் சறுக்குப் பாதைகளும் நகரும் இருக்கைகளும். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கண்காட்சியில் அக்காலப் பாவை ஒன்றைக் கண்ணாடிக்கு அப்பால் மிக அருகில் பார்த்தேன். உடலுக்குச் சற்றுப் பெரிய தலை. கீழுதட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற பிளவு. நடிகர்களின் குரல் முன்னதாகவே பதிவுசெய்யப்பட்டிருக்கும். அந்த ஒலிக்கேற்ற மின்துடிப்பு, பாவையைத் தாங்கும் மெல்லிய டங்ஸ்டன் கம்பி வழியாகவே தலைக்குள் இருக்கும் மின்காந்தத்துக்குச் சென்று உதட்டை அசைக்கும். அந்தப் பொறியை வைக்கத்தான் தலை அவ்வளவு பெரிதாயிற்று. பொத்தானை அழுத்தும் அண்மைக் காட்சிகளில் வருபவை உண்மையான மனிதக் கைகள்.

வெடிப்புகளையும் விமானங்களையும் படைத்தவர் டெரிக் மெடிங்ஸ். பின்னாளில் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் போனவர். முதல் கதையில், சக்கரங்களை இறக்க முடியாத ‘ஃபயர்ஃபிளாஷ்’ பயணிகள் விமானம் லண்டன் விமான நிலையத்தில் ஓடும் வண்டிகளின்மேல் தரையிறங்க வேண்டும். கூடத்தில் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? மாதிரி விமானத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, ஓடுபாதையை ஒரு பட்டையாக அதற்கடியில் ஓடவிட்டார்கள். இந்த நுட்பம் தெரிந்த பிறகும் அக்காட்சியில் என் உள்ளங்கை வியர்க்கத்தான் செய்கிறது.

1992 கிறிஸ்துமஸில் ட்ரேசி தீவு விளையாட்டுப் பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் பிபிசியின் ‘புளூ பீட்டர்’ சிறுவர் நிகழ்ச்சியில் அதை வீட்டிலேயே செய்யும் முறையைக் காட்டியபோது, நாங்களும் அட்டைப்பெட்டிகளையும் பசையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தென்னைகள் மடங்கியே ஆகவேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தான். கீல்களுக்குத் துணிப்பட்டை ஒட்டி மடங்க வைத்தோம்.

மொத்தம் 32 கதைகள் உள்ளன. புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் கதையிலிருந்தே தொடங்குங்கள். புறப்பாட்டுக் காட்சிகளை ஓட்டிவிடாமல் முழுமையாகப் பாருங்கள். பாரி கிரேயின் இசையைக் கேட்பதற்கும் அதுவே நல்ல இடம்.