நியூயார்க், சிகாகோ டவுன்டவுனில் வீடு தேடுபவர்களுக்கு: மாடி எண்ணை விட எதிர்க் கட்டடம் முக்கியம்

கேள்வி: கோவையிலிருந்து டிசம்பரில் நியூயார்க் வருகிறோம். மிட்டவுனில் குறுக்குத் தெரு ஒன்றில் 9வது மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். "தெற்குப் பார்த்தது, நல்ல வெளிச்சம்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நேரில் பார்க்காமல் லீஸில் கையெழுத்துப் போடலாமா? அடுத்த வருடம் சிகாகோவுக்கு மாற்றல் வரவும் வாய்ப்பு உண்டு. அங்கேயும் இதே கதைதானா?

பதில் 1 (நியூயார்க்): எதிரே நிற்கும் கட்டடம் எத்தனை மாடி என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்பதாவது மாடி நம் ஊரில் உயரம். மிட்டவுனில் அது இருபுறமும் உயரக் கட்டடங்கள் நிற்கும் பள்ளத்தின் அடிப்பகுதி.

மிட்டவுன் இருக்கும் மன்ஹாட்டன் தீவின் குறுக்கும் நெடுக்குமான தெருக் கட்டம் 1811இல் வகுத்தது. குறுக்குத் தெருக்கள் பெரும்பாலும் 60 அடி அகலம், நெடுக்கே போகும் அவென்யூக்கள் 100 அடி. நடைபாதையையும் சேர்த்து, சுவருக்குச் சுவர் உள்ள அளவு இது. 14, 23, 34, 42, 57 போன்ற சில குறுக்குத் தெருக்கள் மட்டும் 100 அடி. வாடகை விளம்பரத்தில் இந்த எண் வராது, ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

கணக்கு சுலபம். டிசம்பர் 21 நண்பகலில் நியூயார்க் சூரியன் அடிவானத்திலிருந்து 26 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்தக் கோணத்தில் ஒரு அடி உயரத்துக்கு இரண்டடி நிழல் விழும். ஆகவே 60 அடித் தெருவில், எதிர்க் கட்டடம் உங்கள் ஜன்னலை விட ஏறக்குறைய 30 அடி, அதாவது மூன்று மாடி வரை உயர்ந்திருந்தால்தான் நடுக்குளிரில் நண்பகல் வெயில் ஜன்னலைத் தொடும். ஆறு மாடி உயர்ந்திருந்தால் அக்டோபர் நடுவில் போகும் நண்பகல் வெயில் பிப்ரவரி கடைசியில்தான் திரும்பும். எதிரே இருப்பது 30 மாடி என்றால், "தெற்குப் பார்த்த" என்ற சொல்லுக்குக் கூடுதல் வாடகை கொடுப்பதில் பயனில்லை. அதே 9வது மாடி 100 அடி அவென்யூவைப் பார்த்திருந்தால் நிலைமை வேறு.

இன்னொன்று, மன்ஹாட்டனில் "தெற்கு" என்பது உண்மையான தெற்கு அல்ல. கட்டம் முழுவதும் 29 டிகிரி திரும்பி இருக்கிறது. ஏஜென்ட் தெற்கு என்று சொல்லும் ஜன்னல் தென்மேற்குப் பக்கம் சாய்ந்தது. குளிர்காலத்தில் அதற்கு நேர் எதிரே சூரியன் வருவது பிற்பகல் இரண்டு மணியளவில். அப்போது உயரம் 20 டிகிரிதான், இன்னும் தாழ்வு. "கிழக்கு" ஜன்னல் தென்கிழக்குப் பக்கம் சாய்ந்தது. எதிரே தடை இல்லை என்றால் குளிர்காலக் காலை வெயில் நேராக உள்ளே வரும். கிழக்கு வாசல் தேடுபவர்கள் வரைபடத்தில் வடக்கை வைத்துப் பாருங்கள். இரும்புச் சட்டக் கட்டடத்துக்குள் போன் காம்பஸை நம்ப முடியாது.

ஊரிலிருந்தே சரிபார்க்கும் வழி இது. முகவரியோடு, வீடு தெருப் பக்கமா பின்பக்கமா என்றும் கேட்டு வாங்குங்கள். கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்தை 3டி-யில் சாய்த்து எதிர்க் கட்டடத்தின் மாடிகளை எண்ணுங்கள். கட்டட நிழல் காட்டும் ஷேட்மேப் தளத்தில் டிசம்பர் 21 போட்டு காலை 9, நண்பகல், பிற்பகல் 2 என மூன்று நேரமும் பாருங்கள். பிறகு ஏஜென்ட்டை நண்பகலில் வீடியோ காலில் வரச்சொல்லி, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னலிலிருந்து ஆறடி உள்ளே நிற்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கேமராவில் கொஞ்சமாவது வானம் தெரிந்தால் பகலில் விளக்கில்லாமல் இருக்கலாம். சுவர் மட்டும் தெரிந்தால் பகலிலும் விளக்குத்தான். விளம்பரப் படங்கள் எல்லா விளக்கும் போட்டு, வைட் லென்ஸில் எடுத்தவை.

மூன்று இடத்தில் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, பக்கத்து மனையின் எல்லைக் கோட்டிலேயே வைத்த ஜன்னல், "லாட் லைன்" ஜன்னல் என்பார்கள். பக்கத்து மனைக்காரர் கட்டடம் எழுப்பினால் அது அடைபடும், கேட்க வழியில்லை. அந்த ஜன்னல் மட்டும் உள்ள அறை சட்டப்படி படுக்கையறை ஆகாது. இரண்டு, எதிரே இப்போது பார்க்கிங் இடமோ பழைய நான்கு மாடிக் கட்டடமோ இருப்பது. நகரக் கட்டடத் துறையின் தளத்தில் அந்த எதிர் முகவரியைப் போட்டு, இடிக்கவோ புதிதாகக் கட்டவோ அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். நகரத் திட்டத் துறையின் ஸோலா வரைபடத்தில் அந்த மனையின் மண்டல வகையும், அதாவது அங்கே என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதியும் கிடைக்கும். மூன்று, நடைபாதைப் பந்தல். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்தாக வேண்டும் என்பது நகரச் சட்டம். பழுது கண்டால் நடப்பவர்கள் மேல் எதுவும் விழாமல் நடைபாதைக்கு மேல் பந்தல் போடுவார்கள், வருடக்கணக்கில் எடுக்காமலும் விடுவார்கள். கீழ் இரண்டு மாடிகளுக்கு அதோடு வெளிச்சம் போயிற்று. வேலை எப்போது முடியும் என்று லீஸுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

எந்தக் காலத்துக் கட்டடம் என்பதும் உதவும். 1915இல் 120 பிராட்வேயில் எக்விட்டபிள் கட்டடம் எங்கும் உள்வாங்காமல் 38 மாடி நேராக எழுந்து சுற்றிலும் இருட்டடித்தது. அந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1916 மண்டலச் சட்டம் வந்தது. தெரு அகலத்தின் குறிப்பிட்ட மடங்கு வரைதான் நேராக ஏறலாம், அதற்கு மேல் படிப்படியாக உள்வாங்க வேண்டும், மனையில் கால் பங்கில் மட்டும் எவ்வளவு உயரமும் போகலாம் என்றது. அதனால் 1920, 30களின் கட்டடங்களில் உள்வாங்கிய மாடிக்கு மேல் உள்ள வீடுகளுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். 1961 சட்டம் தரையில் திறந்தவெளி விட்டால் கூடுதல் பரப்பு கட்டலாம் என்றது. வெளிச்சம் வந்தது, காற்றும் வந்தது. வால் ஸ்ட்ரீட் பகுதித் தெருக்களோ 1811 கட்டத்துக்கும் முந்தையவை. அங்கே கோடையிலும் தரையில் வெயில் சற்று நேரம்தான்.

பதில் 2 (சிகாகோ): சிகாகோ டவுன்டவுனின் மையமான லூப்பில், லசால் தெருவில் நின்று தெற்கே பாருங்கள். இருபுறமும் சுவர், முடிவில் 1930இல் கட்டிய போர்டு ஆஃப் டிரேட் கட்டடம் தெருவையே அடைத்து நிற்கும். பெயர் பெற்ற பள்ளத்தாக்கு அது. ஆனால் மன்ஹாட்டனோடு இரண்டு பெரிய வித்தியாசம் உண்டு.

முதலாவது, இங்கே கட்டம் கிட்டத்தட்ட நேர் வடக்கு-தெற்கு. வடக்கு-தெற்குத் தெருக்களில் நண்பகலில் வெயில் நேராக இறங்கும். கிழக்கு-மேற்குத் தெருக்களில் தெற்குப் பக்க நடைபாதை குளிர்காலம் முழுக்க நிழல், அங்கே பனி உருகாமல் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும். ஜனவரியில் எதிர்ப் பக்கம், வடக்கு நடைபாதையில் நடங்கள். மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய நாட்களில் இந்தத் தெருக்களின் முனையிலேயே சூரியன் உதித்து மறையும். கார் ஓட்டுபவர்கள் கருப்புக் கண்ணாடி வைத்திருங்கள், சிக்னல் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, பின் சந்துகள். சிகாகோவில் குப்பையும் சரக்கு லாரியும் சந்தில் போகும். மன்ஹாட்டனில் சந்து கிட்டத்தட்டக் கிடையாது, எல்லாம் வாசல் தெருவில். அதிகாலைக் குப்பை லாரிச் சத்தம் இரு சுவரிலும் மோதி மேலே ஏறும். பத்து மாடி மேலே போனால் அமைதி என்று நினைக்காதீர்கள். சிகாகோவில் சந்துப் பக்கப் படுக்கையறைக்கு அதே தொல்லை. லேக், வெல்ஸ், வேன் பியூரன், வாபாஷ் தெருக்களில் தலைக்கு மேல் 'எல்' ரயில் ஓடுகிறது. அங்கே இரண்டு, மூன்று, நான்காம் மாடியை இரவில் போய்ச் சத்தத்தைக் கேட்டுப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரக் கட்டடத்தின் மேல்பகுதியில் மோதும் காற்று சுவரோடு சரிந்து தரைக்கு இறங்கி, மூலையில் திரும்பும்போது வேகம் கூடும். எனவே தெரு நடுவில் சாதாரணமாக இருக்கும், மூலை திரும்பியதும் ஆளைத் தள்ளும். மைனஸ் 10 செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. குடை வேண்டாம், முதல் மூலையிலேயே கம்பி முறியும். தொப்பி வைத்த, இடுப்புக்குக் கீழ் இறங்கும், காற்றுப் புகாத கோட் வாங்குங்கள். கடும் நாட்களில் லூப்பின் சுரங்க நடைபாதையான பெட்வே இருக்கிறது. ஆனால் அதன் பகுதிகள் அந்தந்தக் கட்டட நேரத்தில் மூடிவிடும், இரவுக்கு நம்பாதீர்கள். பனி விழுந்து வெயில் வந்த நாளில் "ஃபாலிங் ஐஸ்" (மேலிருந்து பனிக்கட்டி விழும்) என்ற பலகை வைத்திருந்தால் சுவரோரம் நடக்காமல் எதிர்ப் பக்கம் போய்விடுங்கள்.

பதில் 3 (மற்ற ஊர்கள், சுருக்கமாக): பிலடெல்பியாவில் பிராட், மார்க்கெட் தெருக்கள் 100 அடி, மற்றவை 50 அடிதான். 1987 வரை சிட்டி ஹால் உச்சியில் உள்ள வில்லியம் பென் சிலையைத் தாண்டிக் கட்டுவதில்லை என்ற எழுதாத ஒப்பந்தம் இருந்தது. அது போன பின் குறுகிய தெருவில் உயரக் கோபுரம், கணக்கு மன்ஹாட்டனை விடக் கடினம். வாஷிங்டனில் 1910 சட்டப்படி கட்டட உயரம் தெரு அகலத்தை விட 20 அடிதான் கூடலாம், வணிகத் தெருக்களில் 130 அடி உச்சவரம்பு. அங்கே இந்தக் கவலையே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1984 முதல் 40 அடிக்கு மேல் கட்டுபவர்கள் நகரப் பூங்காக்களின் மேல் விழும் நிழலுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கோடைப் பிற்பகல் மேற்குக் காற்றுக்கு ஜூலையிலும் ஜாக்கெட் தேவை. ஹூஸ்டனில் எல்லாம் தலைகீழ்: ஜூனில் நண்பகல் சூரியன் 84 டிகிரியில் நிற்கும், 100 அடிக் கட்டடத்துக்கு 11 அடி நிழல்தான். ஆகவே நடைபாதை வெந்துவிடும், மக்கள் தரைக்கடியில் உள்ள சுரங்க வழிகளில் நடக்கிறார்கள். அவை அலுவலக நாளில், அலுவலக நேரத்துக்குத்தான்.

கேள்வி: நன்றி. டவுன்டவுனில் டாக்ஸி ஆப் வேறு தெருவைக் காட்டுகிறதாமே? அப்புறம், கறிவேப்பிலைச் செடி வைக்க முடியுமா?

பதில் 1: சாட்டிலைட் சிக்னல் நேராக வராமல் எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் நீலப் புள்ளி ஒரு பிளாக் வரை தள்ளிக் காட்டும். வைஃபையை ஆன் செய்து வையுங்கள், கொஞ்சம் சரியாகும். பிக்அப் இடத்துக்குப் புள்ளியை நம்பாமல் கட்டட எண்ணை டைப் செய்யுங்கள். சிகாகோவில் வாக்கர் டிரைவ் என்றால் மேல் வாக்கரா கீழ் வாக்கரா என்று ஓட்டுநருக்கு மெசேஜ் போடுங்கள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. 911 அழைத்தால் போன் தானே இடம் காட்டும் என்று இருக்காதீர்கள். முகவரி, மாடி, வீட்டு எண், குறுக்குத் தெரு நான்கையும் வாயால் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள்.

கறிவேப்பிலைக்கு தினம் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். பள்ளத்து வீட்டில் அது கிடைக்காது. எல்இடி குரோ லைட்டை ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு, டைமரில் 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். ரேடியேட்டர் மேலும் வேண்டாம், குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியை ஒட்டியும் வேண்டாம். குளிரில் இலை உதிர்ந்தால் செத்துவிட்டதென்று தூக்கிப் போடாமல் தண்ணீரைக் குறையுங்கள், வசந்தத்தில் துளிர்க்கும். ஊரிலிருந்து கன்றோ பச்சை இலையோ கொண்டுவர வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களின் நோயைப் பரப்பும் என்று விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். வெயில் குறைவதால், குடும்பத்தினர் அனைவருக்கும் முதல் குளிர்காலத்திலேயே வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். மாத்திரை அளவை அவர் சொல்லட்டும்.