தங்கவயலை லவெல் கண்டுபிடித்தார் என்று இன்னும் எத்தனை நாள் எழுதுவீர்கள்?

மாரிக்குப்பத்தான்:
நேற்று இங்கே ஒருவர் கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியிருக்கிறார். 1871-இல் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் வந்து தங்கத்தைக் கண்டுபிடிக்கும் வரை அது வெறும் பொட்டல்காடாம். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கம் இருக்கும் இடத்தைக் காட்டுபவர்களுக்குச் சன்மானம் அறிவித்தார். ஊர்க்காரர்கள் ஒரு மாட்டுவண்டி மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அலசிப் பொன்துகளைக் காட்டினார்கள். அப்போது லவெல் எங்கே இருந்தார்?

கன்டோன்மென்ட்வாசி:
எழுதியவன் நான்தான். ஒரு வரியையும் மாற்றப் போவதில்லை. வாரனின் கணக்கு 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெய்ன் தங்கம், அதாவது 65 மில்லிகிராம். ஒரு மூக்குத்திக்குக்கூடக் காணாது! அதன் பிறகு எழுபது ஆண்டுகள் எவரும் உருப்படியாக எதையும் செய்யவில்லை. லவெல்தான் வாரன் எழுதிய அறிக்கையைப் படித்து, பெங்களூரிலிருந்து மாட்டுவண்டியில் போய்ப் பார்த்து, 1873-இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875-இல் உரிமம் வாங்கினார்.

மாரிக்குப்பத்தான்:
அறிக்கையைப் படித்துவிட்டுப் போனார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த அறிக்கைக்கு மூலம் எது? அந்த வண்டி மண். அலசியது யார்? எங்கள் ஊர் மக்கள். வாரன் தங்கவயலில் உள்ள எங்கள் மாரிக்குப்பத்துக்கே வந்து பார்த்தார். ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல் எடுத்தார்கள், பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கினார்கள். ஆள் இல்லாத பொட்டலில் இதையெல்லாம் செய்தது பேய்களா? எழுபது ஆண்டுகள் சும்மா கிடந்தது என்பதும் பொய். விபத்துகள் நடந்ததால் 1859-இல் நிலத்தடியில் தோண்டுவதையே தடை செய்தார்கள். தோண்டாத ஊரில் தடை எதற்கு?

கல்வெட்டுப்பித்தன்:
இருவரும் நூறு, இருநூறு ஆண்டுக் கதையிலேயே நிற்கிறீர்கள். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் வந்தபோதே அங்கே ஆழமான பழங்குழிகள் இருந்தன. அவற்றில் ஒன்றான மைசூர் கம்பெனியின் பணம் ஏறக்குறைய தீர்ந்த நிலையில், 1880-களின் நடுவில் கேப்டன் பிளம்மர் அந்தப் பழங்குழிகளுக்கு அடியில் இறங்கித்தான் சாம்பியன் ரீஃப் என்ற தங்கம் பொதிந்த பாறைப் படிவத்தைப் பிடித்தார். தங்கவயலின் செல்வமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

மாரிக்குப்பத்தான்:
கேட்டீர்களா, கன்டோன்மென்ட்காரரே? தங்கம் கிடைத்தது பழங்குழிக்கு அடியில். உங்கள் லவெலோ 1877-இலேயே உரிமத்தை பெரஸ்ஃபோர்டு குழுவினரிடம் கைமாற்றிவிட்டார். 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்தது. இதில் லவெல் கண்டுபிடித்தது என்ன?

கன்டோன்மென்ட்வாசி:
முதலில் துணிந்தவர் அவர். அதனால்தான் பெங்களூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. உங்கள் வண்டிக்காரர் பெயரில் ஒரு சந்தாவது உண்டா?

மாரிக்குப்பத்தான்:
அந்த வண்டிக்காரர் பெயரை எழுதி வைக்காதவர்கள் யார் என்று யோசியுங்கள். இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா?

ஆண்டர்சன்பேட்டை மகள்:
அண்ணா, கோபம் நியாயம்தான். ஆனால் 1802-ஐயே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் இறங்கியதால்தானே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது? பாறைவெடிப்பில் நசுங்கியவர்கள் அவர்கள். பாறைத் தூசியால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இருமிச் செத்தவர்கள் அவர்கள். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களே. 1946-இல் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களைப் பற்றி இங்கே யாரும் ஒரு வரி எழுதவில்லை.

மாரிக்குப்பத்தான்:
தங்கையே, அதைத்தான் நானும் சொல்கிறேன். வண்டி மண்ணை அலசியவர்களை மறைத்தவர்கள்தான் அதையும் மறைக்கிறார்கள். ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் வந்த ஊர் எங்களுடையது. அதையாவது ஒப்புக்கொள்வார்களா?

கல்வெட்டுப்பித்தன்:
அது தவறு. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-இல். டார்ஜிலிங்கில் 1897-லேயே நீர்மின் நிலையம் இயங்கியது.

மாரிக்குப்பத்தான்:
டார்ஜிலிங்கில் எரிந்தது தெருவிளக்கு. இங்கே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்க எந்திரங்களை ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. இரண்டும் ஒன்றா?

கல்வெட்டுப்பித்தன்:
நீளத்தை நான் மறுக்கவில்லை. முதல் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கன்டோன்மென்ட்வாசி:
இவர் பேச்சு முழுவதும் இப்படித்தான். மின்சாரத்துக்குத் தாவினால் 65 மில்லிகிராம் 65 கிராம் ஆகிவிடாது.

மாரிக்குப்பத்தான்:
உங்கள் 65 மில்லிகிராமை டன் கணக்கில் பெருக்கிப் பாருங்கள், ஒரு கிராமுக்கு மேல் வரும். மேல்மண்ணிலேயே அவ்வளவு! 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்களே, அப்போது அத்தனை ஆழத்திலிருந்து எடுத்த பாறையிலேயே டன்னுக்கு மூன்று கிராம் அளவுதான் கிடைத்தது. கணக்குத் தெரியாமல் எங்கள் முன்னோரின் மண்ணை எடை போட வராதீர்கள்.

கன்டோன்மென்ட்வாசி:
கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். பழங்குழிக்காரர்களால் போக முடியாத ஆழத்திலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே வந்ததற்கு மூலதனமும் எந்திரமும் காரணம். உங்கள் முன்னோர் மரத்தட்டில் அலசியது காரணம் இல்லை.

ஆண்டர்சன்பேட்டை மகள்:
அந்த எந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்கள் யார், ஐயா?

கன்டோன்மென்ட்வாசி:
அம்மா, உங்களிடம் எனக்குச் சண்டை இல்லை. அவர் முதலில் லவெல் எடுத்த உரிமத்துக்குப் பதில் சொல்லட்டும்.

மாரிக்குப்பத்தான்:
சொல்லிவிட்டேன். வாங்கியதை இரண்டே ஆண்டில் கைமாற்றியவர் அவர். வண்டி மண்ணுக்கு நீங்கள்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை வாரனின் அறிக்கையை வரிவரியாக இங்கே போடுகிறேன்.

கல்வெட்டுப்பித்தன்:
போடும்போது டார்ஜிலிங்கையும் திருத்திவிடுங்கள்.