5 மீட்டர், 30 மீட்டர் உயரத் தரவு சேரும் இடத்தில் சுவர்: எப்படிச் சரிசெய்வது?

எக்ஸ்-பிளேன் விமான சிமுலேட்டருக்கு, வான்படத்தை நிலத்தின் மேல் போர்த்தும் ஆர்த்தோ4எக்ஸ்பி கருவியில் ஒரு மலைப்பகுதி டைல் (நிலப்பரப்புத் துண்டு) செய்கிறேன். நடுப்பகுதிக்கு மட்டும் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி உள்ள லைடார் (லேசர் அளவீடு) உயரத் தரவு, மிச்சமெல்லாம் எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ரேடார் அளவீடு) 30 மீட்டர். இரண்டும் சேரும் கோட்டில் நிலம் சுவர் மாதிரி நிற்கிறது. அதன்மேல் படம் இழுபட்டு, மரங்கள் பச்சைக் கோடுகளாகத் தொங்குகின்றன.

உயரத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்ற அடிப்படை (டேட்டம்) இதற்குக் காரணமில்லை. எஸ்ஆர்டிஎம் இஜிஎம்96-இல் (கடல்மட்டத்தை ஒட்டிய மாதிரி) இருக்கும், லைடார் எலிப்சாய்டு (பூமியின் கணித வடிவம்) உயரத்தில் வந்தது. ஜிடால்வார்ப் என்ற கருவியில் லைடாரை இஜிஎம்96-க்கு மாற்றிவிட்டேன். மாற்றாவிட்டால் சில இடங்களில் பல பத்து மீட்டர் தூக்கிவிடும். நோடேட்டா (உயர மதிப்பு இல்லாத) பிக்சல்களையும் நிரப்பியாயிற்று (விட்டால் அங்கங்கே பள்ளம்தான்).

இன்னும் மிஞ்சுவது காட்டுச் சரிவுகளில் மட்டும். ரேடார் மர உச்சியை ஒட்டிய உயரத்தைப் பிடிக்கிறது, லைடார் தரையைத் தருகிறது. அதனால் ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்தால் தீராது. காடு இல்லாத இடம் கெட்டுவிடும். ஆர்த்தோ4எக்ஸ்பியில் நில வளைவை எவ்வளவு நுணுக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் கர்வேச்சர் டால் மதிப்பை 2-இலிருந்து 1-ஆகக் குறைத்தால் நிலப்பரப்பை உருவாக்கும் முக்கோணங்கள் பெருகுகின்றன, சுவர் அப்படியே இருக்கிறது.

க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ப்ராக்சிமிட்டி ராஸ்டரை (ஒவ்வொரு பிக்சலும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற படம்) எடைக்கு வைத்து இரண்டையும் கலக்கலாம் என்றிருக்கிறேன். கலக்கும் பட்டை 300 மீட்டர் போதுமா, 1 கிலோமீட்டர் வேண்டுமா? அந்தக் கோட்டை ஆறு கடக்கும் இடத்தில் தண்ணீர் கரையேறாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவி.