அந்த ஓவியத்தைப் பற்றி எங்கள் வகுப்பில் பேசியபோது

2023 ஜனவரியில் நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமயவியல் துறையில் கற்பித்தல் உதவியாளராக இருந்தேன். மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் நகரின் ஹாம்லைன் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் அந்த மாதம் முழுவதும் எங்கள் பேச்சாக இருந்தது. 2022 அக்டோபரில் அங்கே கலை வரலாறு கற்பித்த தற்காலிக ஆசிரியர் ஒருவர், ஈரானில் ரஷீதுத்தீன் என்ற அமைச்சர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த உலக வரலாற்றுச் சுவடியிலிருந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வானவர் ஜிப்ரீல் (அலை) வஹீ (இறைச்செய்தி) கொண்டுவரும் ஓவியத்தை இணையவழி வகுப்பில் காட்டினார். பாடத்திட்டத்திலேயே அதைக் குறிப்பிட்டிருந்தார். காட்டுவதற்குச் சற்று முன்பும், பார்க்க விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். நாயகத்தை உருவமாகக் காட்டக் கூடாது என்று கருதும் முஸ்லிம் மாணவி ஒருவர் முறையிட்டார். ஆசிரியருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு தரப்படவில்லை. நிர்வாகத்தின் மின்னஞ்சல் ஒன்று அச்செயலை இஸ்லாம் மீதான மறுக்க முடியாத வெறுப்பு என்றது.

செய்தியைப் படித்தவுடன் நான் அந்த மாணவியின் பக்கமே நின்றேன். காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் அரபு எழுத்தணி தவிர வேறெதையும் வாப்பா மாட்டவிட்டதில்லை. நாயகத்துக்கு முகம் வரைவது என் கற்பனைக்கும் எட்டாத ஒன்றாக இருந்தது.

எங்கள் கலந்துரையாடல் வகுப்பில் ஈரானியக் குடும்பத்து மாணவர் ஒருவர் எழுந்து, தம் பாட்டியின் வீட்டில் நாயகத்தின் படம் ஒன்று இருந்ததாகவும், அதன் முன்னால் அமர்ந்து அவர் கண்ணீருடன் ஸலவாத் (நாயகத்துக்கான வாழ்த்து) ஓதுவதைப் பார்த்தே தாம் வளர்ந்ததாகவும் சொன்னார். "படத்தைக் காட்டுவது வெறுப்பு என்றால், என் பாட்டியை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. சோமாலியக் குடும்பத்து மாணவி ஒருவர் அவருக்குப் பதில் சொன்னார். "உங்கள் பாட்டியை நான் குறை சொல்லவில்லை. ஆனால், விரும்பாதவர்கள் விலகலாம் என்று ஆசிரியர் சொல்லும்போது முக்காடு அணிந்த ஒரே ஆளாகிய என்னைத்தான் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையை எந்த முன்னறிவிப்பாலும் தடுக்க முடியாது." முன்னறிவிப்பு இருந்ததே என்று வாதிடுபவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லி நான் இன்றுவரை கேட்டதில்லை. அன்று ஒன்றேகால் மணி நேரம் போனதே தெரியவில்லை. முஸ்லிம் அல்லாத மாணவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; இஸ்லாத்துக்குள் இப்படியொரு வழக்காடல் உண்டென்பதையே பலர் அன்றுதான் அறிந்தார்கள்.

மறுவாரம் துறையிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. யார் மனமும் புண்படாதிருக்க, அந்தத் தலைப்பை இனி எடுக்க வேண்டாம் என்றது. எவரும் முறையிட்டிருக்கவில்லை. அந்த முடிவுக்கு எல்லோரையும்விட அதிகமாகக் கோபப்பட்டவர் சோமாலிய மாணவிதான். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நான் புண்பட்டுவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டார்கள்," என்றார். என் மனம் மாறியது அந்த இடத்தில்தான். அவருடைய மறுப்பு வலுவான வாதம். நிர்வாகம் அதை வெறும் காயமாகச் சுருக்கி, அவர் வாயையும் சேர்த்தே அடைத்துவிட்டது.

ஹாம்லைன் விவகாரத்திலும் முஸ்லிம்கள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க முஸ்லிம் அமைப்பான முஸ்லிம் பொது விவகார மன்றம் ஜனவரி 9 அன்று ஆசிரியருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க இஸ்லாமிய உறவுகள் மன்றத்தின் மினசோட்டா கிளை மாணவியின் பக்கம் நிற்க, அதன் தேசியத் தலைமை அதற்கு மாறாக, ஆசிரியரிடம் வெறுப்பு நோக்கம் இருந்ததற்கு ஆதாரமில்லை என்றது. அம்மாத இறுதியில் ஹாம்லைன் பேராசிரியர்கள் 71க்கு 12 என்ற வாக்கில் பல்கலைக்கழகத் தலைவரைப் பதவி விலகக் கோரினார்கள்.

எங்கள் மாணவர்கள் இருவரும் அதன்பின் என் அறைக்கு வந்து வாதத்தைத் தொடர்ந்தார்கள். மாணவி அந்த ஓவியத்தைப் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை. கடைசி நாளில், மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பாமல், அதிலுள்ள ஓவியத்தில் இருப்பதைச் சொல்லும்படி ஈரானிய மாணவரிடம் கேட்டார். பாறைகளும், அமர்ந்திருக்கும் நாயகமும், கைநீட்டி நிற்கும் சிறகுள்ள வானவரும் என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். மாணவி கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முதல் வஹீக்குப் பிறகு நாயகம் அவர்கள் நடுங்கியபடி வீடு திரும்பியதாக ஹதீஸில் (நபிமொழித் தொகுப்பில்) இருக்கிறதே, அந்த நடுக்கம் ஓவியத்தில் தெரிகிறதா?" என்று கேட்டார்.