டொக்கர் 29 ஏறினதும் ட்ரேஃபிக் படுத்துடுச்சு: டெபியன் 13க்குப் போனா சரியாகுமா?

ஹட்டன்காரன்:
ஹட்டன்ல ஒரு டியூசன் கிளாசுக்கு சேர்வர் பாத்துக்கிறேன். பழைய ஒபிஸ் பிசி, 8 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ். அதுல டொக்கர் (ஒவ்வொரு சைட்டையும் கொன்டெய்னர்ங்கிற தனி டப்பாவில ஓட்டுறது), வர்றவங்களைச் சரியான சைட்டுக்கு அனுப்புற ட்ரேஃபிக் 3.1, பின்னால பாஸ்ட் பேப்பர் சைட், மார்க்ஸ் வைக்க நெக்ஸ்ட்கிளவுட். முந்தாநாள் ராத்திரி மழையில கரண்ட் போய் வந்துச்சு. மெஷின் ஏறினதும் கையோட ஆப்ட் அப்கிரேடும் (பெக்கேஜ்களைப் புதுசாக்குறது) குடுத்துட்டேன். விடிஞ்சு பாத்தா எல்லா சைட்டும் 404. கொன்டெய்னர் எல்லாம் ஓடுது. ட்ரேஃபிக் லொக்ல மட்டும் ஒரே வரி: கிளையண்ட் வேர்ஷன் 1.24 பழசு, குறைஞ்சது 1.44 வேணுமாம். ஸ்டேபிள்னு நம்பித்தானே டெபியன் போட்டேன்? அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு டெர்ம் டெஸ்ட்.

பண்டாரவளை_ரூட்:
தம்பி, டொக்கரை எங்கயிருந்து எடுத்தீங்க?

ஹட்டன்காரன்:
டொக்கரோட சொந்த ரிப்போவிலதான் (பெக்கேஜ் கிடங்கு) அண்ணே. டெபியன் 12ல இருக்குறது 20.10, ரொம்பப் பழசு.

பண்டாரவளை_ரூட்:
அப்ப டெபியன் மேல பழி போடாதீங்க. அது அசையவே இல்ல, டொக்கர்தான் ஏறியிருக்கு. 2025 நவம்பர்ல வந்த 29, ஏபிஐ (மத்த புரோகிராம் டொக்கர்கிட்ட பேசுற வழி) 1.44க்குக் கீழ கேட்டா கதவைச் சாத்திடும். உங்க ட்ரேஃபிக் இன்னும் 1.24ன்னு தட்டிக்கிட்டு நிக்குது. ட்ரேஃபிக்கை 3.6.1க்கு ஏத்துங்க, போதும். 13க்குப் போனாலும் அதே ரிப்போ இருந்தா அதே 29தான் வரும்.

மஸ்கெலியா77:
இதுக்குத்தான் நான் எதையும் அப்டேட் பண்றதே இல்ல. எங்க ஃபெக்டரில கொழுந்து நிறை பதியிற மெஷின் வச்ச மாதிரியே ஓடுது.

பண்டாரவளை_ரூட்:
ஓடும்தான். ஆனா கொன்டெய்னர் எல்லாத்துக்கும் கேர்னல் (லினக்ஸோட அடிப்பகுதி) ஒன்னுதானே? 2024 ஜனவரியில, கொன்டெய்னரை ஓட்டிவிடுற ரன்சியில கொன்டெய்னரை விட்டு வெளிய வர்ற ஓட்டை கண்டுபிடிச்சாங்க, 1.1.12லதான் அடைச்சாங்க. உங்க மெஷின்ல அது இன்னும் திறந்து கிடக்கலாம்.

ஹட்டன் தம்பி, டெர்ம் டெஸ்ட் முடியிற வரைக்கும் டொக்கர்-சிஇ, டொக்கர்-சிஇ-சிஎல்ஐ ரெண்டையும் மட்டும் வேர்ஷன் மாறாம ஆப்ட்-மார்க் ஹோல்ட்ல வைங்க. கொன்டெய்னர்டி பெக்கேஜைப் பூட்டாதீங்க, டொக்கர் ரிப்போவுல ரன்சி அதுக்குள்ளதான் வருது. லீவு விட்டதும் 13 போடுங்க. அதோட சொந்த டொக்கர் 26.1. உங்க வேலைக்கு அது தாராளம், செக்யூரிட்டி அடைப்பையும் டெபியனே பாத்துக்கும். சைட்டுக்குப் புதுசு வேணும்னா இமேஜ்ல (கொன்டெய்னரை உருவாக்குற அச்சு) ஏத்திக்கலாம். டொக்கர் டீமன் (பின்னால எப்பவும் ஓடுற புரோகிராம்) இமேஜுக்குள்ள இல்லயே, அது ஹோஸ்ட்ல கிடக்கிற சாமான். அதுல அவசரப்பட்டுத்தான் நானும் ஒருதரம் ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன்.

ஹட்டன்காரன்:
கொன்டெய்னர் விவரம் எழுதி வச்ச கொம்போஸ் ஃபைல்ல ட்ரேஃபிக் நம்பரை மாத்தினேன், சைட் எல்லாம் வந்துடுச்சு! ரொம்ப நன்றி அண்ணே. நெக்ஸ்ட்கிளவுட்ல லேட்டஸ்ட்னு எழுதியிருக்கேன், அதையும் இப்பவே இழுத்து விடவா?

பண்டாரவளை_ரூட்:
ஐயோ, தொடாதீங்க! இப்ப ஓடுற வேர்ஷனைப் பாத்து அந்த நம்பரையே எழுதி வைங்க. நெக்ஸ்ட்கிளவுட் ஒவ்வொரு பெரிய வேர்ஷனாத்தான் ஏறும், நடுவுல ஒன்னைத் தாண்ட விடாது. மார்க்ஸ் பெக்கப் எங்க இருக்கு?

ஹட்டன்காரன்:
அதே பிசியிலதான் அண்ணே...