நாலு கிலோ பூனைக்கு இவ்வளவு பெரிய சைரனா?

ஸ்ரீரங்கத்துக்காரி:
பையன் லீவில் வந்தபோது வீட்டுக்கு அலாரம் மாட்டிவிட்டுப் போனான். வாசல் கதவில் காந்த சென்சார், கதவு திறந்தால் கத்தும். ஹாலில் மோஷன் சென்சார், ஆள் நடமாடினால் கத்தும். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தோம், ஒரே ராத்திரிதான். எங்கள் பூனை மீனுவுக்குச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் வைத்துவிட்டுத்தான் போனோம். இரண்டு மணிக்கு சைரன். எதிர்வீட்டு மாமா டார்ச்சும் கையுமாக வந்து ஜன்னல் வழியே பார்த்தால், ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து மீனு அவரையே முறைத்துக்கொண்டிருந்ததாம். இந்த மாதத்தில் இது நாலாவது தடவை. மாமா இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை. டப்பாவில் 25 கிலோ வரை செல்லப்பிராணி இருந்தாலும் அலறாது என்று போட்டிருக்கிறது. பழைய பேப்பர்காரர் தராசில் நிறுத்தே பார்த்துவிட்டேன், நாலு கிலோகூட இல்லை. அப்புறம் ஏன்?

வயர்மேன்:
அம்மா, நான் கேமரா, அலாரம் மாட்டுகிறவன். சென்சாருக்கு எடை பார்க்கத் தெரியாது. உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அது பார்க்கிறது. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பட்டை பட்டையாகப் பிரிக்கும். சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குப் போனால் சிக்னல். செல்லப்பிராணி உள்ள வீட்டுக்கான மாடல்களில் பெரும்பாலும் தரைப் பக்கத்துப் பட்டைகளை மழுக்கியிருப்பார்கள். நாய் தரையோடு போகும் என்ற கணக்கு அது. ஃபிரிட்ஜ் மேல் ஏறிய பூனை ஆள் தலை உயரத்துக்கு வந்துவிடுகிறதே! சென்சாருக்குக் கிட்டே போகப் போக இன்னும் பெரிதாகத் தெரியும். எங்கே மாட்டியிருக்கிறது?

ஸ்ரீரங்கத்துக்காரி:
ஏழடி உயரத்தில். ஆனால் நேர் கீழே ஷோகேஸ். அதில் ஏறித்தான் அவள் ஃபிரிட்ஜுக்குத் தாவுகிறாள். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் போதாதா?

தஞ்சாவூர் தம்பி:
எங்கள் வீட்டில் பூனையே கிடையாது, பல்லிதான். லென்ஸ் மேலேயே ஊர்ந்து போகும், சைரன் அலறும். ஆளே வந்துவிட்டான் என்று நினைக்க அதற்கு ஒரு பல்லி போதும். ஓட்டையையெல்லாம் அடைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியில் ஹால் சென்சாரையே எடுத்துவிட்டு, கதவு ஜன்னலுக்கு மட்டும் காந்த சென்சார் வைத்துக்கொண்டேன். நிம்மதி.

வயர்மேன்:
தம்பி செய்தது தப்பில்லை, ஆனால் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தால் காந்தத்துக்குத் தெரியாது. அம்மா, சென்சிட்டிவிட்டியைக் கடைசியில் தொடலாம். சித்திரை வெயிலில் சுவரே உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும். அப்போது ஆளையே சரியாகப் பிரித்தறியாது, அதையும் குறைத்தால் திருடனுக்குத்தான் வசதி. ஃபிரிட்ஜும் ஷோகேஸும் இல்லாத சுவருக்கு மாற்றுங்கள். தரையை நோக்கிச் சாய்க்க வேண்டாம், சாய்த்தால் மழுக்கிய பட்டைகளின் கணக்கு கெட்டுவிடும். அதற்கும் கேட்காவிட்டால் அகச்சிவப்போடு மைக்ரோவேவ் அலையாலும் அசைவைப் பார்க்கும் மாடல் இருக்கிறது, இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் கத்தும். விலை கூடுதல். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுகளில் கதவு சென்சாரை மட்டும் ஆன் செய்யுங்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரி:
பூஜை அறைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றியாயிற்று. மூன்று ராத்திரி முழுசாக ஆன் செய்து மீனுவை ஹாலில் விட்டுப் பார்த்தேன், சத்தமில்லை. நேற்று மாமாவுக்கு ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சிரிக்கத்தான் இல்லை.