'ஐ ஹாவ் கோன் டு கண்டி' ஏன் பிழை?

கோண்டாவில் அம்மா:
மகள் இந்த முறை ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். ஆங்கிலத்தில் கோ, வென்ட், கோன் மூன்றையும் கடகடவென்று ஒப்புவிப்பாள். வசனம் எழுதும்போதுதான் இடறுகிறது. "நான் கண்டிக்குப் போயிருக்கிறேன்" என்பதற்கு "ஐ ஹாவ் கோன் டு கண்டி" என்று எழுதினாள். ரியூசனில் கோனை வெட்டி, மேலே சிவப்பில் 'பீன்' என்று போட்டிருக்கிறார்கள். காரணம் இல்லை. பீன் என்பது வேறு வினையல்லவா, இதற்குள் எப்படி வந்தது என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பருத்தித்துறை ரீச்சர்:
மகள் கேட்டது நல்ல கேள்வி, தங்கச்சி. "அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார்" என்றால் அவர் இப்போது வீட்டில் இல்லை. "நான் கொழும்புக்குப் போயிருக்கிறேன்" என்றால் முன்பு ஒருக்கால் போய் வந்திருக்கிறேன். தமிழில் ஒரே 'போயிரு' இரண்டு வேலையும் செய்கிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் கோன், போய்த் திரும்பியாயிற்று என்றால் பீன்.

வாசலில் ஒருவர் வந்து அப்பாவைக் கேட்கிறார் என்று வையுங்கோ. மகள் "ஹீ ஹாஸ் கோன் டு கொழும்பு" என்றால் வந்தவர் திரும்பிப் போகவேண்டியதுதான். "ஹீ ஹாஸ் பீன் டு கொழும்பு" என்றால் அப்பா கொழும்பு பார்த்த மனிதர் என்றுதான் பொருள். ஆள் உள்ளே சாய்மனைக் கதிரையில் இருக்கலாம். கண்டியைப் பற்றி எழுதும்போது மகள் இருப்பது கோண்டாவிலில். அதனால் பீன்.

நேற்று, போன கிழமை என்று காலத்தைக் குறித்துவிட்டால் ஹாவ் வராது, வென்ட்தான். 'டிட்' வந்தால் பின்னால் கோ மட்டும். "டிட் நொட் வென்ட்" என்பதைக் கொப்பி கொப்பியாகத் திருத்துகிறேன். மூன்று வடிவத்தையும் பாடமாக்கச் சொல்லிவிட்டு, ஆள் இப்போது எங்கே என்று யோசிக்கப் பழக்காமல் விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சாவகச்சேரித் தம்பி:
ரீச்சர், வென்ட் ஏன் கோவோடு ஒட்டாமல் நிற்கிறது? ஹாட் கோன் எப்போது வரும்?

பருத்தித்துறை ரீச்சர்:
வென்ட் வேறொரு பழைய வினையின் இறந்தகாலம், தம்பி. கோவுக்குச் சொந்தமாக இருந்த இறந்தகாலம் வழக்கொழிய, 1500ஆம் ஆண்டளவில் இது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஹாட் கோனுக்கு முடிந்துபோன இரண்டு சம்பவங்கள் வேண்டும். "நான் ஸ்டேஷனுக்குப் போக, யாழ்தேவி போயிட்டுது." முந்தி நடந்தது ரயில் போனது, அதற்குத்தான் ஹாட் கோன். அங்கே வென்ட் போட்டால், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு ரயில் வெளிக்கிட்டது என்றாகிவிடும்.

கோண்டாவில் அம்மா:
நன்றி ரீச்சர். மகள் பக்கத்தில் இருந்து கேட்கிறாள்: மாமா கனடா போய் அங்கேயே இருக்கிறார், அவருக்கு எது?

பருத்தித்துறை ரீச்சர்:
"ஹீ ஹாஸ் கோன் டு கனடா." எந்த ஆண்டு போனார் என்பதையும் சேர்த்துச் சொல்வதென்றால் "ஹீ வென்ட் டு கனடா இன் 2009." ஒருமுறை வந்து நின்றுவிட்டுப் போனாரென்றால், கோண்டாவிலுக்கு அவர் பீன்.